இஸ்பேட் இல்லையா, பார்ட்னர்?

அத்தை வீட்டுச் சீட்டுக்கட்டில் முகப்பவுடர் வாசனை அடிக்கும்.

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டால் ஸ்ரீரங்கம் முழுக்க ஈரக்காற்று... சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஞாயிறு மதியம் அத்தை ஒவ்வொரு சீட்டாகப் பவுடர் தடவித் துடைத்து வைப்பாள்.

அப்பாவின் அக்கா அவள். வாரம் முழுக்க பேங்க் வேலை, ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ் கிளாஸ். லால்குடியிலிருந்து ரயிலில் வரும் ரிட்டயர்டு வாத்தியார், எதிர்வீட்டு ராணி அக்கா, அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்த நான். நாலாவது ஆளாக அத்தை. தெருவில் சிலர் அதைச் சீட்டாடுற வீடு என்றார்கள். அத்தை வாசலிலேயே நிறுத்தி, ரம்மி வேறு, பிரிட்ஜ் வேறு என்று பாடம் எடுத்துத்தான் அனுப்புவாள்.

கறுப்புச் சீட்டுக்குப் பக்கத்தில் கறுப்பை அடுக்கக்கூடாது, நடுவில் சிவப்பு வரவேண்டும் என்பது அவளுடைய முதல் விதி. லால்குடி சார் வாராவாரம் மறப்பார், வாராவாரம் திட்டு வாங்குவார்.

"நாப்பது வருஷமா பசங்கள வெளிய நிக்க வெச்சேன். இப்ப என் முறை" என்பார்.

எதிரெதிரே உட்காருபவர்கள் ஒரு ஜோடி. ஏலம் கேட்டு ஜெயித்தவர் ஆட, ஜோடிக்காரர் தன் சீட்டை மேஜையில் விரித்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர்தான் டம்மி. இஸ்பேடோ டைமண்டோ, இறங்கிய ஜாதி கையில் இருந்தால் அதைத்தான் போடவேண்டும். போடாமல் நாம் வேறு போட்டால் மட்டும், அந்த ஜாதி இல்லையா என்று டம்மி ஒருமுறை கேட்கலாம்.

ஒருநாள் அத்தையின் வழக்கமான கிளப் ஜோடிக்குக் காய்ச்சல். திருச்சியில் ஒரு கிளப் போட்டி... என்னைக் கூட்டிப் போனாள்.

கடைசி ஆட்டம். அதை எடுத்தால் கோப்பை எங்களுக்கு. நான் ஆடினேன், அத்தை டம்மி. எதிராளி இஸ்பேட் இறக்கினார். நான் இஸ்பேட் போடாமல் துருப்பால் வெட்டினேன்.

"இஸ்பேட் இல்லையா, பார்ட்னர்?"

 சீட்டைப் பார்க்காமலே, "இல்லை" என்றேன்.

அடுத்த இரண்டு பிடி, அதாவது இரண்டு சுற்று, போன பிறகு பார்த்தேன்... கிளாவருக்குள் ஒளிந்திருந்தது இஸ்பேட் நாலு. கறுப்போடு கறுப்பாக அடுக்கியிருக்கிறேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டைமண்ட் இறங்கியபோது, கையில் டைமண்ட் தீர்ந்துவிட்டதால், அந்த நாலைச் சத்தமில்லாமல் அதில் தள்ளிவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். சரியாக ஒரு பிடி வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

எதிராளிகள் கைகொடுக்க எழுந்தார்கள். அத்தை எழவில்லை.

"இருங்க. இவகிட்ட இஸ்பேட் இருந்துச்சு, வெட்டிட்டா. அந்தப் பிடி உங்களுது" என்றாள். பிறகு என் தலையில் கைவைத்து, "குழந்தை பார்க்கல. நான்தான் சரியா அடுக்கச் சொல்லித் தரல" என்றாள்.

கோப்பை எதிர் மேஜைக்குப் போனது. திரும்பும்போது பஸ்ஸில் அத்தை அந்த ஆட்டத்தை முதலிலிருந்து சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். என்மேல் துளி கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

அந்த நாலை நான் பார்த்தேன் என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

இப்போது நான் பிளஸ் டூ. அம்மா தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். அத்தை டிரான்ஸ்ஃபரில் சென்னை போய்விட்டாள். லால்குடி சாருக்கு முழங்கால் வலி, வெளியே வருவதில்லை. ஞாயிறு மதியம் நாலு பேரும் போனில் ஆடுகிறோம். அத்தை இன்னும் என்னைத்தான் ஜோடியாகக் கேட்கிறாள். இவ கணக்கு தப்பினாலும் தப்பும், பொய் வராது என்று யாராவது வராத வாரம் புதிதாகச் சேர்பவர்களிடம் சொல்கிறாள்.

இஸ்பேட் இறங்கும்போது கையில் இஸ்பேட் இருந்தால் போன் வேறு சீட்டை அழுத்தவே விடாது. தப்பே நடக்காது. அதனால் அத்தையும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

நானாகத்தான் சொல்ல வேண்டும்.