பரிசலில் எடுத்த அளவுகள்

ஓடும் நீரில் மிதக்கும் பொருட்கள் எப்படிச் சுழல்கின்றன என்பதுதான் என் இயற்பியல் ஆய்வு. அளவெடுக்க என் நெறியாளரான பேராசிரியையோடு ஒகேனக்கல் போயிருந்தேன். கல்லூரியில் அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பரிசலின் நடுவில் செல்போனைக் கட்டி, சுழற்சியைப் பதிவுசெய்ய விட்டோம்.

"கெட்டியா புடிச்சுக்கோங்க" என்ற பரிசல்காரர், துடுப்பை ஒரே பக்கம் போட்டுச் சுற்றினார். மேடம் வாய்விட்டுச் சிரித்தார்.

பரிசல் நின்றதும் போனைப் பார்த்தேன். எல்லாம் பதிவாகியிருந்தது. "போதுங்க மேடம், கரைக்குப் போயிரலாம்" என்றேன்.

"ஒரு தடவை அளந்தா பத்தாதும்மா. ரிப்பீட் பண்ணாத்தான் ரிசல்ட்டை நம்ப முடியும்" என்றவர், பரிசல்காரரிடம் திரும்பி, "இன்னும் வேகமா சுத்துங்க" என்றார்.

தலைசுற்றலோடுதான் கரையேறினோம். பின்னர் கட்டுரையை மதிப்பிட்டவர்கள், அளவுகளைத் திரும்பத் திரும்ப எடுத்த எங்கள் பொறுமையைப் பாராட்டியிருந்தார்கள்.