தெற்குத் தெருவில் ஒட்டிய ஸ்பீக்கர்

எழுபதுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதத்துப் பகல். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கொஞ்ச தூரத்தில், காவிரிக் கரையை ஒட்டிய ஒரு கிராமம். ஆட்சி மாறியிருந்த புதிது. சுவர்களில் பழைய சின்னத்தின் மேல் சுண்ணாம்பு அடித்துப் புதிய சின்னத்தை எழுதியிருந்தார்கள். வெயிலில் இரண்டும் சேர்ந்தே தெரிந்தன. எனக்கு இருபத்திரண்டு வயது. தஞ்சாவூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாஸ் கிடார் வாசித்துக்கொண்டிருந்தேன்.

பாஸ் கிடார் என்றால் என்னவென்று அப்போது மேடைக்கு மேடை விளக்கம் சொல்ல வேண்டும். நாலே கம்பி. "ரெண்டு கம்பி அறுந்துபோச்சா தம்பி?" என்று கேட்காத ஊர் இல்லை.

நான் அதற்கு வந்து சேர்ந்ததே ஒரு பக்கவாட்டு வழியில்தான். எங்களுடையது லுத்தரன் சபைக் குடும்பம். பதினாலு வயதில் குரல் உடைந்ததும் ஆலயப் பாடகர் குழுவில் என்னைக் கடைசி வரிசைக்குத் தள்ளி, 'பாஸ்' பாடச் சொன்னார்கள். முன்வரிசைக்காரர்களுக்கு ராகம் இருந்தது. எங்களுக்கு மூன்றே சுரம். அதில் ஏறி, அதிலேயே இறங்க வேண்டும். பாட்டைப் பாடுகிறோமா, தூக்கிக்கொண்டு நிற்கிறோமா என்று தெரியாது. கொஞ்ச நாளில் அந்தத் தூக்கல் எனக்குப் பிடித்துப்போனது. பிறகு மெல்லிசைக் குழுவில் பாஸ் வாசித்தவருக்கு பஸ் கண்டக்டர் வேலை கிடைத்து அவர் போய்விட, கிடார் மூலையில் சாய்ந்து கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

சொல்லித்தர ஆள் கிடையாது. வீட்டு ரேடியோப் பெட்டியின் மரத்தில் தாடையை வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பேன். காதில் விழாத அடிச்சுரம் எலும்பில் விழும். அதைப் பிடித்துக்கொண்டு போய்க் கம்பியில் தேடுவேன். விரல் நுனிகள் கொப்பளித்து, உரிந்து, கெட்டிப்பட ஆறு மாதம் ஆயிற்று. பாட்டு ஒரு வயல் என்றால் நான் வரப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். வரப்பைப் பார்க்க யாரும் வருவதில்லை. ஆனால் அது உடைந்தால் தண்ணீர் நிற்காது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஊர் முழுக்கப் பாட்டுக் கேட்பது பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வழியாகத்தான். குழாய்க்குள் பாஸ் போகாது. பாடகர் குரல் போகும், புல்லாங்குழல் போகும், என் நாலு கம்பி மட்டும் மேடைக்கு முன்னால் வைத்த மரப்பெட்டி ஸ்பீக்கரோடு நின்றுவிடும். முன்வரிசை நாற்காலிக்காரர்கள் என்னைக் கேட்பார்கள். தூரத்துத் தெருக்களுக்கு நான் என்று ஒருவன் இல்லவே இல்லை.

அன்றைக்கு அம்மன் கோயில் திருவிழா. வழக்கமாக இரவு தொடங்கும் கச்சேரியைப் பகல் மூன்று மணிக்கே வைத்திருந்தார்கள். விளக்கு வைப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது போலீஸ் உத்தரவாம். கோயில் வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. என் கவலை வேறு. கரை மேட்டுப் பாதையில் வேன் குதித்துக் குதித்து வந்ததில் என் மரப்பெட்டிக்குள் இருந்த ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கம்பியைத் தொட்டால், தகரக் கூரையில் மழை பெய்வதுபோல ஒரு கரகரப்பு.

மைக் செட்காரர் பூதலூர் ஆள். எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஏன் முழிக்கிறீங்க? தெற்குத் தெருவுல பறை கட்டுற அண்ணன் ஒருத்தரு இருக்காரு. போன வருஷம் என் பெட்டிய அவருதான் ஒட்டுனாரு. கழட்டிக்கிட்டுப் போங்க" என்றார்.

நாலு திருகாணியைக் கழற்றி, ஸ்பீக்கரைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, வாய்க்கால் மதகைத் தாண்டித் தெற்குத் தெருவுக்குப் போனேன். திருவிழாவின் வண்ணக் காகிதம் மதகோடு நின்றிருந்தது. அப்புறம் ஒரு துண்டுகூட இல்லை. அதையும் பார்த்தேன், யோசிக்கவில்லை.

பறை கட்டும் அண்ணனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். துண்டைப் பிரித்துக் காட்டினேன்.

"யாரு அனுப்புனா?"

"மைக் செட்டு அண்ணன்."

"கச்சேரிக்கு வந்தவங்களா?"

"ஆமாண்ணே. மூணு மணிக்கு ஆரம்பம். கொஞ்சம் சீக்கிரம்…"

அவர் என்னையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு சட்டியைக் கொண்டுவந்தார். புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசை. பறையின் மரச்சட்டத்தில் தோலை ஒட்டுவது அதை வைத்துத்தான். அந்த வாசனை எனக்குத் தெரியும். எங்கள் அப்பா பழைய பாட்டுப் புத்தகங்களுக்கு முதுகு ஒட்டுவது இதே பசையில்தான். எங்கே கற்றுக்கொண்டார் என்று அவர் சொன்னதில்லை. தாத்தா எந்தத் தெருவிலிருந்து கிளம்பி வந்தார் என்பதும் எங்கள் வீட்டில் பேச்சில் வராத விஷயம்.

அண்ணன் பழைய வேட்டியிலிருந்து மெல்லிசாக ஒரு துண்டு கிழித்து, பசையில் நனைத்து, கிழிசலின் இரண்டு உதடுகளையும் கட்டைவிரலால் கூட்டி ஒட்டினார். அப்போதுதான் வாசலில் வந்து நின்ற அவர் மனைவி வாயைத் திறந்தார்.

"ஒட்டுங்க, ஒட்டுங்க. நல்லா அழுத்தி ஒட்டிக் குடுங்க. அறுக்கவும் வெளியூர் ஆளு வந்தாச்சு, அடிக்கவும் வெளியூர் ஆளு வந்தாச்சு. அவுங்களுக்கு பசை காய்ச்ச மட்டும் நாம."

எனக்குப் புரியவில்லை. அண்ணன் கையை எடுக்காமலே சொன்னார். தை அறுவடையில் தெற்குத் தெருக்காரர்கள் கூலியாக அரை மரக்கால் நெல் கூடக் கேட்டிருக்கிறார்கள். மிராசுதார்கள் முடியாது என்று வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கி அறுத்துவிட்டார்கள். இரண்டு பேருக்கு மண்டை உடைந்து, வழக்கு நடக்கிறது. அதனால் இந்த வருஷம் அம்மனுக்குப் பறை அடிப்பதில்லை என்று தெரு முடிவு செய்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அடித்த கை. பறை இல்லாவிட்டால் என்ன, தஞ்சாவூரிலிருந்து மெல்லிசை வரும் என்று ஊர் சொல்லிவிட்டது.

அந்த மெல்லிசை, நான்.

யாருடைய இடத்தில் என்னை உட்கார வைத்திருக்கிறார்களோ அவரிடமே வந்து, என் பெட்டியை ஒட்டிக் கொடுங்கள், கொஞ்சம் சீக்கிரம் என்று கேட்டிருக்கிறேன். காது மடல் சுட்டது. "வேணாம்ணே, குடுத்துடுங்க" என்று கை நீட்டினேன்.

"பசை காயல. பாதியில எடுத்தா வீணாப்போயிடும். உக்காருங்க."

"உங்களுக்கு ரோசமே கிடையாதா?" என்று அந்த அக்கா அவரைக் கேட்டார்.

"ஏண்டி, கிழிஞ்சது யாருதுன்னு பாத்தா ஒட்டுவாங்க?"

ஸ்பீக்கர் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன்தான் பேச்சைத் தொடங்கினார்.

"உங்க வாத்தியம் என்ன தம்பி பண்ணும்?"

"அடியில ஓடும்ணே. தனியாக் கேக்காது. நிறுத்துனாத்தான் ஒண்ணு குறையுறது தெரியும்."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப அது நம்ம ஆளுதான்."

காய்ந்ததும் கூம்பை விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். "பேசும். போயிட்டு வாங்க." எவ்வளவு சொல்லியும் கைம்மாறு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

திரும்பி வந்து எங்கள் குழுத் தலைவரிடம் சொன்னேன். அவர் அக்கார்டியன் வாசிப்பவர், நல்ல மனிதர். "எனக்குத் தெரியும்ப்பா" என்றார். "தெரிஞ்சுதான் ஒத்துக்கிட்டேன். மூணு மாசமா நமக்கு மேடை இல்ல. எட்டு வீட்டுல அடுப்பு எரியணும். வம்பு பண்ணுனா திரும்ப வேன்ல ஏறாத." அவர் சொன்னதும் பொய்யில்லை. அவர் குழுவை விட்டால் எனக்கும் வேறு மேடை கிடையாது. அந்த கிடார்கூட குழுவுடையது.

முதல் பாட்டு பிள்ளையாருக்கு. வாசித்தேன். ஒட்டிய ஸ்பீக்கர் அற்புதமாகப் பேசியது. புதிதாக இருந்தபோதுகூட அப்படிப் பேசியதில்லை. அதுதான் தாங்கவில்லை. இரண்டாவது பாட்டின் நடுவில் உள்ளங்கையைக் கம்பிகள் மேல் படுக்க வைத்துவிட்டேன்.

தபலாக்காரர் திரும்பிப் பார்த்தார். பாடகர் குரல் காலடியில் படி காணாமல் தடுமாறியது. ஊருக்கு எதுவும் தெரிந்திருக்காது. என் வேலைநிறுத்தம் கேட்காத வேலைநிறுத்தம். ஆனால் முன்வரிசையில், என் பெட்டிக்கு நேர் எதிரே, திருவிழாக் கமிட்டித் தலைவரான பெரிய மிராசுதார் உட்கார்ந்திருந்தார். தாளம் போட்டுக்கொண்டிருந்த அவர் கால் நின்றது. கையைத் தூக்கினார். பாட்டும் நின்றது.

"என்னமோ நின்னுபோச்சே. என்னது?"

எங்கள் தலைவர் சமாளிக்க, மைக்கை எடுத்து, "சின்னக் கோளாறுங்க. ஸ்பீக்கர் கிழிஞ்சிருந்துச்சு, ஒட்டுனது சரியா நிக்கல" என்றார்.

பேசாமல் இருந்திருக்கலாம். அந்தப் பொய்க்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கலாம். ஆனால் வேப்பமரத்தடியில் அந்தக் கட்டைவிரல் எவ்வளவு பொறுமையாக அழுத்தியது என்று பார்த்தவன் நான். எழுந்துவிட்டேன்.

"இல்லீங்க. ஒட்டுனவரு ரொம்ப நல்லா ஒட்டியிருக்காரு. நான்தான் வாசிக்கல."

அந்த ஊரில் பசை போட்டு ஒட்டுகிறவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். கூட்டம் அடங்கியது.

"ஏன் வாசிக்கல?"

"அவரு ஒட்டுன பெட்டில, அவரு எடத்துல உக்காந்து வாசிக்கக் கை வரலீங்க."

பின்னால் நாலைந்து பேர் எழுந்தார்கள். "எவன்டா இவன், எறக்குடா" என்று குரல் வந்தது. போலீஸ்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். மிராசுதார் திரும்பாமலே கையைக் காட்டி அவர்களை உட்கார வைத்தார். வெற்றிலையை மென்று முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாளா சாமி புறப்பாடு ஊமையாத்தான் போவுது. எனக்கு மட்டும் காது இல்லையா?" என்றார், யாருக்கென்று தெரியாமல். பிறகு, "நீ எறங்கு தம்பி. மத்தவங்க பாடுங்க" என்றார்.

கிடாரை மேடையிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். என் மேல் யாரும் கை வைக்கவில்லை. வெயிலில் பஸ்ஸுக்கு நடந்தேன். மதகுக்கு வந்தால் தெற்குத் தெருவே அங்கே நின்றுகொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பறை கட்டும் அண்ணன் முன்னால் வந்தார்.

"ஒட்டுனவரு நல்லா ஒட்டியிருக்காருன்னு ஊரு பூராவுக்கும் சொல்லிப்புட்டீங்களே."

அப்போதுதான் உறைத்தது. எங்கள் தலைவர் கையில் மைக் அணைக்கப்படாமல் இருந்திருக்கிறது. பனைமரத்துக் குழாய்கள் நான் பேசியதை ஒரு சொல் விடாமல் வாய்க்கால் தாண்டிக் கொண்டுபோயிருக்கின்றன. என் பாஸ் ஒருநாளும் போகாத தூரம் அது.

அந்த அக்கா ஒரு சொம்பு மோரை நீட்டினார். முகத்தில் சிரிப்பைக் காட்டிக்கொள்ளவில்லை. "குடிங்க, வெளியூர் ஆளு" என்றார்.

இதனால் ஊர் திருந்தியது என்று கதை விட மாட்டேன். விவசாயத் தொழிலாளர் சங்கம் பேசியது, தாசில்தார் ஆபீசில் மூன்று முறை உட்கார்ந்து எழுந்தார்கள், குறுவை நடவுக்கு ஆள் வேண்டும் என்ற அவசரம் வந்தது. கடைசியில் அரை மரக்கால் கேட்டதற்குக் கால் மரக்கால் படிந்ததாகக் கேள்விப்பட்டேன். என் நாலு கம்பிக்கு அதில் பங்கில்லை. எனக்கு நடந்தது சின்ன விஷயம்: ஒரு மாதம் கழித்து எங்கள் தலைவர் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார். "நீ இல்லாம தபலா தனியா பொலம்புது, வா" என்றார். கிடாரை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

மறுவருஷம் அதே ஊரிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. நாங்கள் போய் இறங்கும்போது சாமி புறப்பாடு நடந்துகொண்டிருந்தது. முன்னால் எட்டுப் பறை. மதகு தாண்டித் தெற்குத் தெருவிலும் வண்ணக் காகிதம் தொங்கியது. புறப்பாடு முடிந்த பிறகுதான் எங்கள் பாட்டு. அந்த அண்ணன் பறையைத் தோளில் மாட்டியபடியே வந்து என் மரப்பெட்டியின் பக்கத்தில் நின்றார். உள்ளங்கையை அதன் மேல் வைத்து, முழுக் கச்சேரியையும் கையால் கேட்டார். நடுவில் ஒருமுறை என்னைப் பார்த்துத் தலையசைத்தார். தாடையால் பாட்டுக் கற்றவனுக்கு அதைவிடப் பெரிய கைதட்டல் கிடையாது.

எனக்கு இப்போது ஐம்பது நெருங்குகிறது. குழு கலைந்தபோது நான் கேட்டு வாங்கிக்கொண்டது அந்த ஸ்பீக்கரை மட்டும்தான். வேட்டித் துண்டு பழுப்பேறிவிட்டது, ஒட்டு விடவில்லை. இன்றைக்கும் எங்கே வாசிக்கக் கூப்பிட்டாலும், சுருதி சேர்க்கும் முன் ஒன்று விசாரித்துக்கொள்கிறேன்: எனக்கு முன்னால் இந்த இடத்தில் யார் உட்கார்ந்திருந்தார், இப்போது அவர் எங்கே?