உதறாமல் மடித்த சால்வை

டி. கல்லுப்பட்டியில் ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழா. ஓய்வு பெறும் தலைமையாசிரியருக்குப் போர்த்துவதற்காக அமைச்சர் ஒரு சால்வையைக் கையில் வாங்கி, இரண்டு முனையையும் பிடித்து விரித்தார். உள்ளேயிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்று மேடையில் விழுந்தது. தலைமையாசிரியர் தனக்கு வந்த வாழ்த்து மடல் என்று நினைத்து எடுத்துப் பிரித்தார். நாலு வரி படித்துவிட்டு அமைச்சரிடம் நீட்டினார்.

"ஐயா, இது உங்களுக்கு வந்த மனு. எட்டு மாசம் ஆயிருக்கு."

மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. முன்வரிசையில் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தவர்கள் சிரித்தார்கள். மேடைப் படிக்குக் கீழே சால்வைப் பையோடு நான் நின்றிருந்தேன். அந்தச் சால்வையை மடித்து வைத்தவள் நான்.

என் வேலை

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அமைச்சர் ஐயா வீட்டில் பாத்திரம் கழுவச் சேர்ந்தபோது அவர் பஞ்சாயத்துத் தலைவர். அப்போது ஊர்க்காரர்கள் துண்டு போடுவார்கள். நான் துவைத்துக் கொடியில் காயப் போட்டால் அவரே எடுத்து முகம் துடைத்துக்கொள்வார். ஒன்றியத் தலைவரானதும் பூப்போட்ட துண்டு வந்தது. எம்.எல்.ஏ. ஆனதும் சால்வை. அடுத்த தேர்தலில் தோற்றார். ஐந்து வருசம் அலமாரியைத் திறக்கவே வேலை இல்லை. அப்புறம் ஜெயித்து அமைச்சரானார். மதுரை வீட்டு மாடியில் ஓர் அறையே சால்வைக்கு என்று ஆனது. அது என் பொறுப்பு.

வந்த சால்வைகளில் நல்லதாகப் பார்த்து எடுத்து வைக்க வேண்டும். அடுத்த விழாவில் ஐயா மற்றவர்களுக்குப் போர்த்துவது அவற்றைத்தான். எல்லா அமைச்சர் வீட்டிலும் நடக்கிற காரியம் இது.

மனுவைக் கையில் கொடுத்தால் பி.ஏ. சார் வாங்கிக்கொள்வார். ஐயா படிக்க வேண்டும் என்று நினைக்கிற சிலர் அதைச் சால்வைக்குள் மடித்து வைத்துப் போர்த்திவிடுவார்கள். ஆனால் போர்த்திய சால்வை ஐயா தோளில் அரை நிமிடம்கூட இருக்காது. கழற்றிப் பாதுகாப்புக்கு வரும் கன்மேனிடம் கொடுப்பார். அவர் டிரைவரிடம் கொடுப்பார். டிரைவர் மூட்டையாகக் கட்டி என்னிடம் போடுவார். அதனால் ஒவ்வொன்றையும் உதறி மடி என்று அம்மா, ஐயாவின் மனைவி, முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஜரிகைத் தூசியில் எனக்கு இருமல் வரும். அதனால் சில நாள் வந்த மடிப்பு கலையாமல் அப்படியே அடுக்கிவிடுவேன்.

காரில் கேட்ட கேள்வி

திரும்பும் வழியில் ஐயா காரை நிறுத்தச் சொன்னார். பின்னால் வந்த வண்டியிலிருந்து என்னை இறக்கிக் கூட்டிப் போனார்கள். மனு அவர் மடியில் இருந்தது.

"யாரு மடிச்சது இத?"

"கன்மேன் கவனிக்கல போலண்ணே" என்றார் பி.ஏ. சார்.

"நான்தான்யா. உதறாம மடிச்சுப்புட்டேன்."

"ஏன்?"

"தூசிக்கு இருமல் வருதுங்கய்யா."

டிரைவர் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐயா சிரிக்கவில்லை. "இம்புட்டு வருசத்துல இன்னைக்குத்தான் பேச்சியக்கா குரலையே கேக்குறேன். காலையில சமயநல்லூருக்கு நீங்களும் வாங்க."

"அண்ணே, நாளைக்கு அழகர்கோவில்ல நிகழ்ச்சி இருக்கு" என்றார் பி.ஏ. சார்.

"மத்தியானத்துக்குத் தள்ளு."

மனு எழுதியது சமயநல்லூரைச் சேர்ந்த இருளாயி என்கிற விதவை. வாய்க்கால் ஓரத்தில் இருக்கும் வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது, வேறு இடத்தில் பட்டா கொடுத்தால் நாங்களே போய்விடுகிறோம் என்று எழுதியிருந்தது.

சமயநல்லூரில்

வாய்க்கால் கரையில் வீடு எதுவும் இல்லை. ஓர் ஆட்டுக்கல் மட்டும் மண்ணில் சாய்ந்து கிடந்தது. விசாரித்ததில், தங்கச்சி வீட்டு மாட்டுக்கொட்டகையில் இருந்த இருளாயியைக் கூட்டி வந்தார்கள்.

"வந்துட்டீகளாய்யா! வருவீகன்னு எனக்குத் தெரியும்."

ஐயா சாய்ந்து கிடந்த ஆட்டுக்கல்லைப் பார்த்தார். "மத்தவுக எல்லாம் எங்கத்தா?" என்றார்.

"கலெக்டர் ஆபீசுல மனு குடுத்து எடம் வாங்கிப் போயிட்டாக. என்னையவும் கூப்புட்டாக. நான்தான் போகல. மந்திரிகிட்டயே குடுத்துட்டேன், சிரிச்சுக்கிட்டே வாங்குனாரு, அதுக்கு மேல யாருகிட்டப் போகன்னு இருந்துட்டேன்."

"எப்ப இடிச்சாக?"

"கார்த்திகையில. நல்ல மழைய்யா அன்னைக்கு."

பி.ஏ. சாருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, மனுவைத் தனியாக் குடுக்க வேண்டியதுதான? சால்வைக்குள்ள வச்சா யாருக்குத் தெரியும்?"

"தனியாக் குடுத்தா நீங்கதான வாங்கிக்கிறீக? போத்திவிட்டா அவரு மேலயே கெடக்குமேன்னு நெனச்சேன்."

பி.ஏ. சார் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

"தப்பு எம்மேலதான்த்தா" என்றார் ஐயா. என் பக்கம் கையைக் காட்டவில்லை. நான் அவர் முதுகுக்குப் பின்னால்தான் நின்றேன். என்னால்தான் என்று நானாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு

அன்று சாயங்காலம் மாடி அறையில் இருந்த எல்லாச் சால்வையையும் உதறினேன். இன்னும் ஏழு காகிதம் கிடைத்தது. அதில் ஒன்று கல்யாணப் பத்திரிகை. முகூர்த்தம் முடிந்து போயிருந்தது.

இருளாயிக்கு ஆனி மாதம் பட்டா கிடைத்தது. வாய்க்கால் கரையில் கூட இருந்தவர்கள் குடியேறிய வரிசையில் இடம் தீர்ந்துவிட்டது. அவருக்கு ஊர்க் கடைசியில்தான் கொடுக்க முடிந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் பேச ஆள் கிடையாது.

ஐயா அதன் பிறகு எந்தச் சால்வை தோளில் விழுந்தாலும் மேடையிலேயே உதறிப் பார்த்துவிட்டுத்தான் கன்மேனிடம் கொடுப்பார். "ஜரிகை அசலான்னு பாக்குறாரு மாப்ள" என்று கீழே இருக்கிறவர்கள் பேசிக்கொள்வார்கள்.

"அண்ணே, வீடியோ போட்டுக் கிண்டல் பண்றாய்ங்க" என்றார் பி.ஏ. சார்.

"பண்ணட்டும்யா."

அடுத்த தேர்தலில் ஐயா தோற்றார். முதலில் கன்மேன் போனார், பிறகு பி.ஏ. சார், பிறகு வாசலில் நின்ற வண்டிகள். சால்வை வருவது சுத்தமாக நின்றது. ஒரு நாள் காலையில் இருளாயி பஸ் பிடித்து வந்து, வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஐயாவுக்கு ஒரு சால்வையைப் போர்த்தினார். ஐயா பழக்கத்தில் அதைக் கழற்றி விரித்து உதறினார்.

"என்னய்யா தேடுறீக? உள்ள ஒண்ணும் வைக்கல. புது வீட்டுல பால் காச்சிட்டேன். அதுக்குத்தான்."

ஐயா அதைத் திரும்பப் போட்டுக்கொண்டார். கழற்றிக் கொடுக்கப் பக்கத்தில் ஆளும் இல்லை. நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன். டம்ளரை இருளாயி எடுத்த பிறகு, "ஒங்க மனு இருந்த சால்வையை உதறாம மடிச்சவ நான்தான்த்தா" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா?" என்றார். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

இந்த மாதிரி வீடுகளுக்கு வேலைக்கு வருகிற பெண்களுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உங்கள் கைக்கு வருகிறதைப் பிரித்துப் பார்த்துவிட்டு வையுங்கள். அதைக் கொடுத்தவர் எங்கோ காத்துக்கொண்டிருப்பார்.

சாயங்காலம் அந்தச் சால்வை என்னிடம் வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரியும். உதறித்தான் மடித்தேன்.