இடது பக்கத்துத் துரு

என் மனைவியின் செருப்பு ஓடுகிற காரிலிருந்து சாலையில் விழுந்தது. கதவு வழியாக அல்ல, தரை வழியாக.

அன்று ஞாயிற்றுக்கிழமை. என்னோடு வேலை பார்ப்பவரின் மகளுக்கு ஆவடியில் வளைகாப்பு. பட்டாபிராமிலிருந்து கிளம்பி சி.டி.எச். ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். முந்தைய வாரம் முழுக்க மழை பெய்து சாலை கண்டபடி பெயர்ந்து கிடந்தது. ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும் பக்கத்தில் இருந்தவள் "ஐயோ" என்றாள்.

"என்னங்க, ரோடு தெரியுது."

"ரோடு தெரியாம வேற என்ன தெரியும்?"

"முன்னாடி இல்ல. கீழ."

ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். ரப்பர் மேட் ஒரு பக்கமாக விலகியிருந்தது. அதன் அடியில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. பிய்ந்த தகரம் கீழ்ப்பக்கமாகத் தொங்கியது. அதற்குள் ஈரமான தார்ச்சாலை தெரிந்தது. அவள் கழற்றி வைத்திருந்த செருப்பில் ஒன்றைக் காணோம். இறங்கிப் பின்னால் நடந்து போய்த் தேடினேன். கிடைத்தது. ஆனால் ஒரு தண்ணீர் லாரி எனக்கு முன்னால் அதன் மேல் ஏறிவிட்டுப் போயிருந்தது.

மண்டப வாசலில் அவள் மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கினாள். "உள்ள போறவங்க எல்லாரும் கழட்டித்தானே போறாங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்றாள். வளையல் போட்டு, ஐந்து வகைச் சாதமும் சாப்பிட்டு, சிரித்துப் பேசிவிட்டுத்தான் வந்தாள். திரும்பும்போது பின்சீட்டில் வலது பக்கமாக உட்கார்ந்துகொண்டு, வீடு வரும்வரை காத்திருந்து சொன்னாள்: "இனி இந்த வண்டி வேணாம். மாத்திடுங்க."

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகங்கள் செய்கிற ஒரு பட்டறையில் தரம் பார்ப்பவன். ஒரு பாகத்தில் கடுகளவு துரு இருந்தாலும் சிவப்புச் சீட்டைக் கட்டி ஒதுக்கி வைப்பதுதான் இருபது வருடமாக என் வேலை. அப்படிப்பட்டவன் வீட்டு வாசலில் நின்ற வண்டியின் துருவை மட்டும் பார்க்காமலே இருந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. பார்த்தேன். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அடிப்பக்கத்தை நானே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவேன். எங்கள் தெருவில் மழை பெய்தால் நான்கு நாள் தண்ணீர் நிற்கும், அதனால்தான் துரு என்று நினைத்துக்கொண்டேன். எஞ்சின் ஒருநாளும் நடுவழியில் நின்றதில்லை. அந்த எஞ்சினைக் காட்டியே மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவந்தேன்.

இந்த முறை மன்னிக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வண்டிக்குப் பதினைந்து வயது முடிய இரண்டு மாதம்தான் பாக்கி. பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஓட்டைத் தரையோடு காட்ட முடியாது. சரிசெய்வதா, மாற்றுவதா என்பதை அதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

புனேயில் வேலை பார்க்கும் மகளிடம் அவள் அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள். மகள் எனக்குப் போன் செய்தாள். "அப்பா, அது கார் இல்ல, சல்லடை" என்றாள். அதற்குப் பிறகு தினமும் காலையில் என் போனுக்கு ஒரு புதுக்காரின் படம் வரும்.

அடுத்த ஞாயிறு பூந்தமல்லி ரோட்டில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். விற்பனையைப் பார்த்துக்கொண்ட பெண் பொறுமைசாலி. காபி கொடுத்தாள், கதவுகளைத் திறந்து காட்டினாள், வேலப்பன்சாவடி வரை ஓட்டிப் பார்க்கவும் கொடுத்தாள். குறை சொல்லக் கூடாது, வண்டி வெண்ணெயாகத்தான் போனது. என் மனைவி முன்சீட்டில் காலை நன்றாக நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அவ்வளவு நிம்மதி. இனி என் பேச்சு எடுபடாது என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

திரும்பி வந்து இறங்கியதும் அவள் கேட்டாள். "ஏம்மா, பின்சீட்ட மடிச்சா எத்தன பக்கெட் நிக்கும்?"

"என்ன பக்கெட் மேடம்?"

"ஊறுகா பக்கெட்."

மகள் எட்டாவது படிக்கும்போது என் மனைவி வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்க ஆரம்பித்தாள். எலுமிச்சை, நார்த்தங்காய், சீசனில் மாவடு. முதலில் தெருவில் நான்கு வீடு; பிறகு திருமுல்லைவாயல், அம்பத்தூர் வரை ஏழெட்டுக் கடைகள். இப்போது கடைகளைக் குறைத்துவிட்டாள். ஆனால் வாடிக்கை வீடுகளை விடவில்லை.

அந்தப் பெண் தயங்கிவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னாள். "மேடம், உள்ள எல்லாமே க்ரீம் கலர். ஒரு தடவ சிந்துனா போகாது, வாசனையும் புடிச்சுக்கும். அதுக்குத் தனியா ஒரு ஆட்டோ வச்சுக்கலாமே."

"ஆமாமா" என்றாள் இவள். வீட்டுக்கு வரும் வழியில் ஒரு வார்த்தைதான் பேசினாள். "நல்ல வண்டிதான். ரொம்ப வெளுப்பா இருக்கு."

முன்பணம் கட்டுவதற்கு முன்னால், பழையதை ஒருதரம் யாரிடமாவது காட்டிவிடலாம் என்றேன். கரையான்சாவடியில் நல்ல டிங்கர் ஒருவர் இருப்பதாகப் பட்டறையில் சொன்னார்கள். வண்டியின் தகர வேலை பார்ப்பவரை எங்கள் பக்கம் டிங்கர் என்றுதான் சொல்வோம். "நீங்க தனியா போனா ரிப்பேருக்கு விட்டுட்டு வந்துடுவீங்க" என்று அவளும் கூட வந்தாள். பின்சீட்டு, வலது பக்கம்.

டிங்கருக்கு என் வயது இருக்கும். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்சீட்டைக் கழற்றி வெளியே வைத்தார். தரையோடு ஒட்டியிருந்த கார்பெட்டை உரித்து எடுத்தார். அடியில் அரிசி மாவு தூவியதுபோல ஒரு வெள்ளைப் பொருக்கு. விரலால் சுரண்டி மோந்து பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், வலது பக்கம் தகரம் கல்லு மாதிரி கீது. எடது பக்கம் மட்டும் அப்பளம். மீன் கீன் ஏத்துவியா?"

"மீனெல்லாம் இல்லங்க. மழைத் தண்ணி."

"மழத் தண்ணி வெளியேருந்து துன்னும் சார். இது உள்ளேருந்து துன்னுகீது. இன்னா ஊத்துன இதுல? உப்பு சார் இது, உப்பு!"

எனக்கு முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது. "மாவடு" என்றாள், மெல்ல.

பதினோரு வருடம். நான் ஷிப்டு முடிந்து வந்ததும், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில், பக்கெட்டுகளை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போவோம். பின்னால் மூன்று, இடது பக்கமாக. வலது பக்கம் மகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். பெரிய பக்கெட்டை மட்டும் இவள் யாரிடமும் விடமாட்டாள். முன்சீட்டில் தன் இரண்டு கால்களுக்கும் நடுவே வைத்துப் பிடித்துக்கொள்வாள். பக்கெட் வழுக்காமல் இருக்க அடியில் ஈரச் சாக்கு. ஒவ்வொரு பள்ளத்திலும் மாவடுத் தண்ணீர் விளிம்பில் தளும்பும். சிந்தியதை அவள் ரப்பர் மேட்டின் மேல் துடைத்துவிடுவாள். மேட்டுக்குக் கீழே போனதை யார் பார்த்தோம்? துருவைப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற நான் வெளியிலிருந்து கழுவிக்கொண்டே இருந்தேன்.

அவள் முகத்தைப் பார்த்தேன். அழுதுவிடுவாளோ என்று ஒரு கணம் பயந்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "நான் போட்ட ஊறுகாயில காரே ஊறிப் போச்சே!" என்றாள். டிங்கரும் சிரித்துவிட்டார்.

அவர் வண்டியைத் தூக்கி நிறுத்தினார். நானும் குனிந்து அடியில் போய்ப் பார்த்தேன். அதுதான் தப்பாகிவிட்டது. இருபது வருடப் பழக்கம் சட்டென்று விழித்துக்கொண்டது. அவர் ஸ்க்ரூடிரைவரால் தட்டிக்கொண்டே வந்தார். இடது கதவுக்கடியில் ஓரிடத்தில் அது மண்ணில் இறங்குவதுபோல இறங்கியது. பட்டறையில் இதைப் பார்த்திருந்தால் யோசிக்காமல் சிவப்புச் சீட்டுக் கட்டியிருப்பேன். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "நீ சொன்னதுதான் சரி. மாத்திடலாம்" என்றேன்.

"ஏன்?" என்றாள் அவள்.

"என்ன ஏன்? நீதானே சொன்ன?"

"அப்ப என்னால ஆனதுன்னு தெரியாது." டிங்கரிடம் திரும்பினாள். "அண்ணே, இதைச் சரிபண்ண முடியுமா, முடியாதா? அவரைப் பார்க்காம என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் அவசரப்படவில்லை. மறுபடி அடியில் போய், வலது பக்கம், நடுப்பக்கம், பின்பக்கம் என்று தட்டிக் கேட்டுவிட்டு வந்தார்.

"பொய் சொல்ல மாட்டேன்க்கா. எஞ்சின் நல்லா கீது. வண்டியத் தாங்குற கட்டை வலது பக்கம் சுத்தமா கீது. எடது பக்கம் ரெண்டு எடத்துல வெட்டி எடுத்துட்டுப் புதுசா வச்சு வெல்டு அடிக்கணும். தரை மொத்தமும் புதுத் தகடு. செஞ்சிட்டா அஞ்சு வருசம் உள்ளூர்ல தாராளமா ஓட்டலாம். ஆனா இத்த எடுத்துகினு திருப்பதி போறேன், மதுர போறேன்னு கெளம்பக் கூடாது."

"எங்களுக்கு எதுக்கு மதுர? அம்பத்தூர் போய்ட்டு வந்தாப் போதும்" என்றாள்.

நான் எதிர்த்து ஏதேதோ சொன்னேன். பத்திரம் என்றேன், வயசு என்றேன். சில வாரத்துக்கு முன்னால் அவள் சொன்னதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொன்ன எஞ்சின் கதையை அவள் எனக்கே திருப்பிச் சொன்னாள். டிங்கர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் நான் தோற்றிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் தோற்றதில்லை.

வேலை மூன்று வாரம் இழுத்தது. அந்த மூன்று வாரமும் அவள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனாள். ஒருநாள் வந்து கைகளை நீவிக்கொண்டே சொன்னாள். "வண்டி வந்ததும் நான் ஓட்டக் கத்துக்கப்போறேன். நீங்க ஷிப்டு முடிஞ்சு வர்ற வரைக்கும் பக்கெட்ட வச்சுகிட்டு வாசலப் பார்த்துட்டே எத்தனை வருசம் உட்கார்ந்திருக்கேன்!" அப்படி அவள் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்ததே இல்லை. நான் வரும்போது அவள் எப்போதும் எழுந்து தயாராக நிற்பாள். அன்றிரவு சாப்பிடும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். சீட்டு, கார்பெட் எதுவும் இல்லாமல் வண்டி வெறும் கூடாக நின்றது. புதுத் தகடு பதிந்து, வெல்டிங் ஓரங்கள் தேய்க்கப்பட்டு, செங்காவி நிறத்தில் பிரைமர் அடித்திருந்தது. என் வழக்கப்படி ஒவ்வொரு வெல்டிங் இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்தேன். ஒரே ஒரு இடத்தில் சின்னத் துளை. காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "கண்ணா சார் அது, பூதக்கண்ணாடியா?" என்று சொல்லிக்கொண்டே அதை அடைத்தார். என் மனைவி ஏற்கெனவே போனில் அவரிடம் பேசியிருக்கிறாள் போல. பின்பக்கத்துக்கு அளவெடுத்து, நாலு பக்கமும் விளிம்பு மடித்த ஒரு எவர்சில்வர் தட்டும் செய்து வைத்திருந்தார். எவ்வளவு சிந்தினாலும் அதிலேயே நிற்கும்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆய்வாளர் வண்டியின் அடியில் எட்டிப் பார்த்தார். விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் சரி பார்த்தார். வண்டியின் தகட்டில் பொறித்திருந்த சேசிஸ் நம்பரின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன். எண்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாகத் தெளிந்து வந்தன. கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டவர், மூக்கை உறிஞ்சிவிட்டு, "நார்த்தங்காயா?" என்றார். கார்பெட் புதுசு, தரை புதுசு, ஆனாலும் அந்த வாசனை எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்தது. "ஆமா சார்" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். இன்னும் ஐந்து வருடம்.

மகள் போன வாரம் வந்திருந்தாள். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லப்பா" என்றாள். படம் அனுப்புவதை நிறுத்திவிட்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலையில் ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள காலி மைதானத்துக்குப் போகிறோம். ஐம்பத்திரண்டு வயதில் அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து உட்கார்கிறாள். கிளட்சைச் சட்டென்று விட்டு, வண்டி குலுங்கி நின்றுவிட்டால் என்னைத்தான் முறைக்கிறாள். "நீங்க பேசினதாலதான்" என்கிறாள். நான் பேசியே இருக்க மாட்டேன். நேற்று முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குத் தடங்கலில்லாமல் மாற்றி, மைதானத்தை மூன்று சுற்றுச் சுற்றினாள். ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தி மந்தையை ஓரமாக ஒதுக்கிவிட்டு நின்று பார்த்தாள். நான் இடது சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடத்தில் இந்தச் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. இங்கிருந்து பார்க்க நிறைய இருக்கிறது. நான்காவது சுற்றில், திரும்பிப் பார்க்காமலே, "பயமா இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்சம் வேகம் கூட்டினாள்.