மதியத்தோடு நின்ற ஓட்டு அச்சு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஐம்பதுகளின் கடைசியில் தலைமன்னாரில் கப்பலேறி, இந்தியாவின் மேற்குக் கரையில் ஓர் ஓட்டுத் தொழிற்சாலையில் மண் சுமந்து, பிறகு அச்சடிக்கவும் பழகினேன். ஒருநேரச் சாப்பாடு, படுக்கச் சாக்கு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் புளியந்தீவில் கல்வீடு எழும்பினால் கூரைக்கு ஏறுவது அந்தக் கரையின் ஓடுதான். பிறகு கப்பலில் வந்த அந்த ஓட்டின் வரத்துக் குறைந்தது. வாவிக்கரையில் உள்ளூர் ஓடு செய்யும் இடமொன்றில் ஆள் தேடினார்கள். ஊர் திரும்பிய நான் அங்கே சேர்ந்தேன்.

சேர்ந்த அன்றே வாயைக் கொடுத்தேன்.

"அங்க ஒரு அச்சில ஒரு நாளைக்கு அடிக்கிற ஓட்டில பாதிகூட இஞ்ச இல்ல முதலாளி."

முதலாளி அச்சடிக்குப் போனார். அச்சில் நின்றவர் ஐந்து பிள்ளைகளின் தகப்பன், கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆள். விடிய வந்து வேலை தொடங்குவார். மதியமானதும் கையைக் கழுவிவிட்டு, சுடாத பச்சை ஓடுகளை ஈரச் சாக்கால் மூடும் பெண்களோடு சேர்ந்துகொள்வார். பின்னேரம் முழுக்க அச்சு சும்மா நிற்கும்.

"இந்தியாக்காரன் பொழுதுபடுமட்டும் அடிக்கிறானாம். நீ என்ன, அரைநாள் உத்தியோகமா பாக்கிறாய்?"

"மேற்கால கச்சான் காத்து வீசுது முதலாளி. பின்னேரம் அடிச்சா ஓடு தாங்காது."

"அங்க காத்தே இல்லையா?" முதலாளி என்னைப் பார்த்தார்.

"இந்த மாசங்களில அங்கயும் காத்துத்தான்," என்றேன். அது பொய்யில்லை.

"அப்ப நாளைக்கு அச்சு இவன்ட கையில. இவன் உன்னவிடக் கூட அடிச்சுக் காட்டினா நீ நாளையிண்டைக்கு வரத் தேவையில்ல."

அவர் முதலாளியோடு மல்லுக்கு நிற்கவில்லை. என்னிடம், "சாக்க நல்லா நனைச்சு வை மனே," என்று மட்டும் சொன்னார். சாக்கு நனைத்துக்கொண்டிருந்த ஒருத்திதான் சும்மா விடவில்லை. "இந்தியாக்காரர் வாறார், வழி விடுங்க புள்ளையள்!"

மறுநாள் பொழுதுபடும்வரை அடித்தேன். காயவைக்கும் தட்டுகளில் இடமில்லாமல் தரையிலும் அடுக்கினோம். என் கைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அடுத்த நாள் காலை சாக்கை விலக்கினோம். முன்னேரம் அடித்தவை நன்றாக இருந்தன. பின்னேரம் அடித்தவை எல்லாம் விளிம்பு சுருண்டு, நடுவில் வெடித்துக் கிடந்தன. முதல்நாள் கேலி செய்தவள் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "இதால கூரை போட்டா நிலாவும் ஒழுகும்!"

அங்கே அந்தக் காற்று மழையோடு வருவது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஈரக் கொட்டகையில் ஓடு ஆறுதலாகக் காயும். அதே காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வாவிக்கு வரும்போது வெறும் அனல்; அது மதியத்தில் எழும்புமுன் காலை ஓடு சாக்கடியில் இறுகிவிடும். அது மட்டுமல்ல. அங்கே நான் நின்றது அச்சடியில். அச்சிலிருந்து இறங்கியதைத்தான் எண்ணினேன். சூளையிலிருந்து எத்தனை முழுசாக வந்தன என்று ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. இங்கே நான் கேட்டறிந்த முதலாளியின் கணக்கோ சூளையால் எடுத்த ஓட்டுக்கு. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் ஒரு மனிதனின் சோற்றில் கைவைத்திருந்தேன்.

முதலாளி வருமுன் வாசல் படலையடியில் போய் நின்றேன்.

"பிழை என்னிலதான் முதலாளி. நான் சொன்ன கணக்கு பச்சை ஓட்டுக் கணக்கு."

"அப்ப இந்தியாக்காரன்?"

"அவன் அவன்ட மழையில அடிக்கிறான்."

முதலாளி வெடித்த ஓடுகளைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "அவரை அச்சுக்கு வரச் சொல்லு. நீ மண் மிதி."

சுடாத ஓடு மண்தானே. அத்தனையையும் உடைத்துக் குழியில் போட்டுத் தண்ணீர் விட்டு மிதித்தேன். அச்சுக்காரர் வந்து ஒரு பிடி எடுத்து விரலால் நசித்துப் பார்த்தார்.

"மிதிக்கத் தெரிஞ்சவன்தான்," என்றுவிட்டு அச்சுக்குப் போனார்.

அடுத்த மாரிக்கு முன் நான் வாகரைப் பக்கம் போய்விட்டேன். எழுபதுகளில் ஒருமுறை அந்த வழியால் வந்தேன். கப்பல் ஓடு அடியோடு நின்றிருந்தது; புது வீடுகளில் எல்லாம் எங்கள் ஓடு. அச்சு மூன்றாகியிருந்தது. கச்சான் மாதம். மூன்றும் மதியத்தோடு நின்றன. பழைய அச்சுக்காரர் சாக்கு நனைத்துக்கொண்டிருந்தார்.