கல்லறைத் தோட்டத்தில் இறுகிய கிளச்

முகத்துவாரத்தில் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் சவ வண்டி போகப் புல் வெட்டித் தரும்படி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அடக்கம் அன்று பின்னேரம். மழைக்காலம் முழுவதும் சும்மா நின்ற புல்வெட்டியை டிராக்டரில் பூட்டியதும் அதன் ஸ்லிப் கிளச்சைச் சோதித்தேன். கத்தி எதிலாவது மோதினால் வழுக்கிக்கொடுத்து முறிவைத் தடுக்கும் பாகம் அது. ஸ்பிரிங் நட்டுகளைத் தளர்த்தி, கிளச் தட்டுகளின் குறுக்கே சோக்கட்டியால் கோடு போட்டு, ஒரு கணம் ஓட்டினேன். தட்டுகள் வழுக்கினால் கோடு பிரிய வேண்டும்; பிரியவில்லை. தட்டுகள் துருவேறி ஒட்டிப்போயிருந்தன.

என்ஜினை நிறுத்திக் கழற்றத் தொடங்கியபோது, இறந்த அம்மாவின் மகன் வந்தார்.

"என்ன தம்பி, இன்னும் தொடங்கல்லியா? அம்மாவை வீட்டிலருந்து எடுத்திட்டாங்க."

"கிளச் இறுகிப்போச்சு அண்ணே. கொஞ்சம் பொறுங்க."

"அம்மாவை ரோட்டுல வச்சிட்டு நிக்கச் சொல்றியா?" என்று என் சட்டையைப் பிடித்தார்.

சுற்றி நின்ற உறவினர்களைக் காட்டினேன். "இப்படியே வெட்டி கத்தி எதிலயாவது மோதினா, அதைச் சுத்துற ஷாஃப்ட் முறிஞ்சு தெறிக்கும். சுத்தி நிக்கிறது உங்கட ஆக்கள்தான் அண்ணே."

அவர் திரும்பி உறவினர்களைப் பார்த்தார். பிடி தளர்ந்தது. பிறகு வெள்ளைச் சட்டையோடு என்னருகில் குந்தி, "ஒரு தட்டைத் தா, நான் தேய்க்கிறேன்" என்றார். இருவரும் எமரி பேப்பரால் துருவைத் தேய்த்தோம்.

மறுபடி பூட்டி, புதிதாகக் கோடு போட்டு ஓட்டியபோது கோடு இரண்டாகப் பிரிந்தது. ஸ்பிரிங்குகளை அளவுக்கு இறுக்கி, எல்லோரையும் மதிலுக்கு அப்பால் அனுப்பிவிட்டு வெட்டினேன். பாதி வழியில், புல்லுக்குள் மறைந்திருந்த இரும்புத் தூணில் கத்தி மோதியது. கிளச் கிறீச்சிட்டு வழுக்கியது. உடனே நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். கருகிய வாடை வந்தது, எதுவும் முறியவில்லை.

சவ வண்டி வந்தபோது பாதை தயாராக இருந்தது. அழுக்கான கைகளோடு அவர் தாயின் பெட்டியைத் தூக்கினார்.

கோபத்தோடு வருகிற ஒருவரைக் கண்டால், அவர் எதைச் சுமந்து வருகிறார் என்றுதான் இப்போது முதலில் யோசிக்கிறேன்.