கமலா படகேறிய நாள்

வெளியூரில் குழந்தைகளை வளர்க்கும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் கும்பகோணத்துக்காரர்கள். என் கணவருக்கு சர்க்கார் ஆபீஸில் உத்தியோகம் என்பதால் கல்கத்தாவில், காளிகாட்டில் குடியிருக்கிறோம். எங்கள் பெண் கமலா இங்கேதான் பிறந்தாள். பக்கத்துத் தெருவில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். வீட்டில் அவள் வங்காளி பாஷையில் பேசினால், "நாம என்ன வங்காளியா? தமிழ்ல பேசுடி" என்று அதட்டுவேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டும் அவள் வரவில்லை. பதறிப்போய்த் தெருத்தெருவாகத் தேடினேன். கடைசியில் எதிர்வீட்டு வங்காளி அம்மாள், கமலா 'மாஸி' (சித்தி) என்று கூப்பிடுபவள், அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். காளி கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஆற்றுப் படித்துறையில், வைக்கோல் ஏற்றிய படகில் ஏறி உட்கார்ந்திருந்தாளாம். படகு புறப்படும் சமயத்தில், குளிக்கப் போன மாஸி பார்த்துவிட்டாள்.

"எங்கேடி போகப் பார்த்தே?" என்றேன்.

"நம்ம ஊருக்கு. பள்ளிக்கூடத்துல என்னை மதராஸின்னு விளையாட்டுல சேர்த்துக்கறதில்லே. நீயும் நாம வங்காளி இல்லேங்கறே. அப்போ நான் இங்கே எதுக்கு?"

அவளை மடியில் இருத்திக்கொண்டு, "இது நீ பொறந்த ஊர், அது அப்பா பொறந்த ஊர். ரெண்டும் உன்னோடதுதாண்டி" என்றேன்.

இப்போதெல்லாம் நான் அதட்டுவதில்லை. சாயங்காலம் அவளுடன் படிக்கும் பெண்களை வீட்டுக்கு அழைக்கிறேன். அவர்களுக்குப் பல்லாங்குழி சொல்லித் தருகிறேன். அவர்களிடம் வங்காளி கற்றுக்கொள்கிறேன். நான் தப்பாகப் பேசினால் எல்லோருக்கும் முன்னால் கைகொட்டிச் சிரிப்பவள் கமலாதான்.